'மை' என்று எப்படி எழுதுவது?

கேள்வி:

திருவண்ணாமலையில் சின்னதாக ஒரு ஃப்ளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். என் அப்பா இந்த ஊர் தியேட்டர்களுக்குப் பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கழுவி எடுத்து வைத்தவர்தான், பிறகு தொடவே இல்லை.

என் நண்பர்கள் ஒரு குறும்படம் எடுத்து முடித்திருக்கிறார்கள். தீபத்தன்று மலைக்கு நெய்க்குடம் சுமந்து ஏறும் ஒரு பெரியவரின் கதை. படத்தின் பெயர் 'மை'. தீபம் முடிந்ததும் கொப்பரையிலிருந்து எடுத்து, ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு பிரசாதமாகத் தருவார்களே, அந்த மை. டைட்டிலும் போஸ்டரும் நீதான் செய்ய வேண்டும் என்கிறார்கள். அமெரிக்க டிசைனர் சால் பாஸ் செய்த டைட்டில்களை யூடியூபில் பார்த்து அசந்துபோனேன். அவரைப் போல ஒருவர் நம் சினிமாவில் இருந்தாரா? ஒரு டிசைனரால் ஒரு படத்தை அந்த அளவுக்கு மாற்ற முடியுமா? 'மை'க்கு எந்த ஃபாண்ட் சரியாக வரும்? அப்பாவைக் கேட்டால், "எழுத்தைத் தேடாதே, வரை" என்கிறார். இந்தக் காலத்துக்கு அது சரிப்பட்டு வருமா?

– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்:

அப்பா சொன்னது சரிப்பட்டு வரும் அம்மா. ஃபாண்ட் இல்லாத காலத்தைவிட ஆயிரம் ஃபாண்ட் இருக்கிற இந்தக் காலத்துக்குத்தான் அது கூடுதலாகப் பொருந்தும். ஆனாலும் சால் பாஸிடமிருந்தே தொடங்குகிறேன். அவரைப் பார்த்து அசந்துபோகிறவர்கள் பெரும்பாலும் வெட்டிய காகிதத்தையும் நாலு அடர்ந்த நிறத்தையும் கோணல் எழுத்தையும்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது அவருடைய கைவாகு. அவர் செய்த காரியம் அதைவிடப் பெரியது.

1955-ல் ஆட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' வெளிவந்தது. போதை ஊசிக்கு அடிமையான ஒருவனின் கதை. நாயகன் ஃபிராங்க் சினாட்ரா. அவர் முகத்தைப் போட்டாலே கூட்டம் வரும். சால் பாஸ் போட்டது ஒரு கையை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும், பெயர்கள் வரும், போகும், கடைசியில் அந்தக் கோடுகளே முறுக்கிக்கொண்ட ஒரு கையாக இறங்கும். ஊசி இல்லை, மருந்து இல்லை. அந்தக் கையைப் பார்த்தாலே உடம்பு கூசும். அதே கைதான் போஸ்டரிலும், அதே கைதான் பத்திரிகை விளம்பரத்திலும். அதுவரை அங்கேயும் பல தியேட்டர்களில் பெயர்கள் ஓடும்போது திரைச்சீலை மூடியே இருக்கும். பெயர்ப் பட்டியல் முடிந்த பிறகு திறப்பார்கள். இந்தப் படத்தின் ரீலோடு ஆபரேட்டருக்கு ஒரு சீட்டும் போனது: டைட்டில் தொடங்கும் முன்பே திரைச்சீலையைத் திறந்துவிடவும். படம் டைட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை ஒரு டிசைனர் தியேட்டர்காரரை ஒப்புக்கொள்ள வைத்தார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். போஸ்டரும் விளம்பரமும் டைட்டிலும் ஒரே மனத்திலிருந்து வந்தன.

நம்மிடம் அப்படி ஒருவர் இருந்தாரா என்றால், இல்லை. திறமை இல்லாததால் அல்ல, வேலை பல கைகளில் பிரிந்து கிடந்ததால். ஸ்டில் போட்டோகிராபர் எடுத்த படங்கள் சென்னையில் டிசைனரின் மேசைக்கு வரும். அவர் வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டிய டிசைன் அச்சுக்குச் சிவகாசி போகும். போஸ்டர் கட்டுக் கட்டாக ஊருக்கு வந்து இறங்கும்போது, அந்த ஊர்ப் பேனர் ஆர்ட்டிஸ்ட் அதைப் பார்த்துத் தன் கைக்கு வந்தபடி பெரிதாக்குவார். டைட்டில் கார்டு எழுதுகிறவர் தனி ஆள். போஸ்டர் போட்டவரும் டைட்டில் எழுதியவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

இத்தனை கைகளையும் கடந்து மாறாமல் போனது படப்பெயரின் எழுத்து. டிசைனர் ஒருமுறை வரைந்து கொடுத்துவிட்டால் அதுதான் பத்திரிகை பிளாக்கில், அதுதான் போஸ்டரில், அதுதான் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டையில், பல சமயம் அதுதான் திரையிலும். பாட்டுப் புத்தகத்தில் நாயகன் படம் அச்சு மங்கிப் போயிருக்கும்; பெயர் மட்டும் பளிச்சென்று நிற்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட அந்த எழுத்தின் உருவத்தை வைத்தே படத்தை அடையாளம் சொல்வார்கள். நம் டிசைனர்கள் ஒரு படத்தின்மேல் செலுத்திய செல்வாக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் அந்த எழுத்தைத்தான் காட்டுவேன். ஈஸ்வர், பரணி, உபால்டு. எழுபது, எண்பதுகளின் படங்களில் 'டிசைன்ஸ்' என்ற சொல்லுக்குக் கீழே ஓரிரு விநாடி வந்துபோன பெயர்கள் இவை. ஒரு தலைமுறையே தமிழ் எழுத்தைப் பெரிய அளவில் பார்த்தது இவர்கள் வரைந்த சுவரொட்டிகளில்தான். இவர்களைப் பற்றித் தமிழில் ஒழுங்கான புத்தகங்கள் வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 'கபாலி'யின் போஸ்டருக்கு வின்சி ராஜ், 'மாஸ்டர்', 'லியோ' போஸ்டர்களுக்குக் கோபி பிரசன்னா என்று ஃபர்ஸ்ட் லுக் வரும் நாளிலேயே ரசிகர்கள் பெயர் சொல்கிறார்கள். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சால் பாஸுக்கு நம் நாட்டில் நெருங்கி வருகிறவரைத் தேடினால் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். சத்யஜித் ராய் இயக்குநர் ஆவதற்கு முன் டிசைனர். 1943-ல் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ்ஸுக்குப் புத்தக அட்டைகள் வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும்போதுதான் அதைப் படமாக எடுக்கும் ஆசை வந்தது. தன் படங்களின் போஸ்டரையும் டைட்டில் எழுத்தையும் அவரே வரைந்தார். 'ராய் ரோமன்' என்று ஆங்கில எழுத்துரு ஒன்றும் அவர் பெயரில் உண்டு. 1964-ல் வந்த 'சாருலதா'வின் டைட்டிலை இன்று இரவே போட்டுப் பாருங்கள். ஒரு பெண்ணின் கைகள், ஒரு கைக்குட்டை, ஊசி, நூல். கணவன் பூபதியின் பெயரின் முதலெழுத்தை அவள் பூவேலையாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன, ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது. அந்தப் பெரிய வீட்டில் அவளுக்கு எவ்வளவு பொழுது மிச்சமிருக்கிறது, அந்தப் பொழுதை நிரப்ப ஆள் இல்லை என்பதெல்லாம் படம் தொடங்குமுன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் எழுத்து. உங்கள் படத்தின் பெயரும் ஒரே ஓர் எழுத்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவிலிருந்து உங்கள் ஊருக்கு வருகிறேன். கோவில்பட்டி கொண்டையராஜுவின் பெயரை அப்பாவுக்குச் சொல்லத் தேவையிருக்காது. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, இளம் வயதில் சில காலம் ரமணரின் அருகில், நீங்கள் இருக்கும் மலையடிவாரத்தில் வாழ்ந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை வரைந்தார். அந்த வழியாகக் கோவில்பட்டி போய் அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோவை ஏற்படுத்தினார். அவரும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி காலண்டர்கள் தொங்காத தமிழ் வீடு குறைவு. நாடகத் திரைச்சீலை, சாமி காலண்டர், சினிமா பேனர் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. முகத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது, தலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விடுவது, கண்ணைக் கடைசியில் திறப்பது ஆகியவை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனவை. உங்கள் அப்பா ஸ்டில் மேல் சதுரம் போட்டு, வஜ்ரம் காய்ச்சிப் பூசிய துணியில் அதே சதுரத்தைப் பெரிதாக்கி, கரியால் கோடு இழுத்திருப்பார் இல்லையா, அந்தக் கோட்டுக்குப் பின்னால் இவ்வளவு தூரம் இருக்கிறது.

உங்கள் மலையின் பெயரைத் தமிழ் சினிமா மூன்று முறையாவது தலைப்பாக எடுத்துக்கொண்டது. 'அண்ணாமலை' 1992, 'அருணாச்சலம்' 1997, பேரரசுவின் 'திருவண்ணாமலை' 2008. இதில் முதல் படத்தை டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் தவறாமல் போட்டுக் காட்டுவேன். கறுத்த திரையில் புள்ளிகள் வந்து கூடி, ஒவ்வோர் எழுத்தாக 'சூப்பர் ஸ்டார்' என்று ஆங்கிலத்தில் அமையும் அந்தக் கார்டு முதன்முதலில் வந்தது அந்தப் படத்தில்தான். ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இருப்பதைப் போல ரஜினிக்கும் ஒரு தொடக்க அடையாளம் வேண்டும் என்று இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா நினைத்தார். தேவா அதற்கு இசை போட்டார். ஜேம்ஸ் பாண்டின் முதல் படமான 'டாக்டர் நோ'வுக்கு 1962-ல் டைட்டில் செய்த மாரிஸ் பைண்டரும் புள்ளிகளில்தான் தொடங்கினார் என்பது ஓர் அழகான ஒற்றுமை. ஆனால் திருவண்ணாமலை தியேட்டரில் அதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் லண்டனிலிருந்து வரவில்லை. விடிகாலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைத்து, பிறகு அதைச் சுற்றி உருவம் எழும்புவதைப் பார்த்து வளர்ந்த கண்கள் அவை. புள்ளிகள் கூடும்போதே என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருந்து, எழுத்து முழுசாகிற நொடியில் விசில் அடித்தார்கள். ஒரு கார்டு, சில விநாடிகள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரஜினி படம் என்றால் அந்தக் கார்டு இல்லாமல் தொடங்காது என்று ஆகிவிட்டது. டிசைனால் படத்தை மாற்ற முடியுமா என்று கேட்டீர்களே, தியேட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களின் மூச்சையே மாற்ற முடியும்.

'அண்ணாமலை' என்ற சொல்லில் இன்னொரு செய்தியும் உண்டு. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் புழங்கத் தொடங்கிய வடிவங்கள். மாறியவை மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். அதில் இரண்டு, ணா-வும் லை-யும், இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. பழைய ணா கீழே சுழித்துக்கொண்டு ஒரே உருவமாக நிற்கும். பழைய லை-க்கு மேலே யானையின் துதிக்கை இருக்கும். 1978-க்கு முந்தைய கையில் 'திருவண்ணாமலை' என்று எழுதியதைப் பார்த்தால் அந்தச் சொல்லே நடுவில் ஒருமுறை சுழன்று, கடைசியில் தலை தூக்குவது போல இருக்கும். அப்பாவின் பழைய நோட்டுகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய கடைப் பலகைகளிலும் கல்வெட்டுப் பலகைகளிலும் கிடைக்கலாம். போட்டோ எடுத்து வையுங்கள். ஊரின் பெயரே ஒரு டிசைன் பாடமாக வாய்த்திருப்பது எல்லா ஊருக்கும் நடக்காது.

ஒரு விஷயம் சொல்லிவிட்டு உங்கள் வேலைக்கு வருகிறேன். எண்பதுகளில் நான் ஒரு டைட்டில் ஆர்ட்டிஸ்டிடம் உதவியாளனாக இருந்தேன். கறுப்பு அட்டையில் வெள்ளை போஸ்டர் கலரால் எழுதுவோம். அதை கேமராவுக்குக் கீழே வைத்து எடுத்து, காட்சியின் மேல் ஏற்றுவார்கள். ஒரு படத்துக்கு நாற்பது, ஐம்பது கார்டு. பெரிய பெயர்களை அவர் எழுதுவார், உதவியாளர்களின் பெயர்கள் எனக்கு. ஓர் இரவு, விடிந்தால் லேபுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், எடிட்டிங் உதவியாளர் ஒருவரின் பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். பெயரே வேறாகிவிட்டது. படம் வெளியான மறுநாள் அவர் எங்கள் அறைக்கு வந்தார். கோபப்படவில்லை. "அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். பிரிண்டுகள் ஊர் ஊராகப் போய்விட்டன, ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் ஒரு டைட்டிலைப் பார்த்தால் என் கண் முதலில் போவது கடைசிப் பெயர்களிடம்தான்.

இனி, 'மை'.

இந்தப் பெயர் உங்களுக்குக் கிடைத்த வரம். தமிழ்ப் பெயர்களை டிசைன் செய்வதில் பெரிய தொல்லை, எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்காது. ஈகாரம் மேலே சுழித்துப் போகும், உகாரம் கீழே இறங்கும், ஒகாரம் இரண்டு பக்கமும் இடம் கேட்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைச் செங்கல் மாதிரி அடுக்கிவிடலாம். தமிழில் ஒவ்வொரு பெயரையும் வேறு வேறு விதமாக உட்கார வைக்க வேண்டும். 'மை' மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பாறை மாதிரி தரையில் உட்கார்ந்திருக்கிறது. கணினியில் அடித்தால் ஐகாரக் குறி தனியாகவும் ம தனியாகவும், நடுவில் ஒரு சந்து விட்டு நிற்கும். கையால் எழுதினால் ஐகாரத்தின் வால் ம-வின் இடது காலைத் தொட்டுவிடும். அந்தத் தொடல் எந்த ஃபாண்டிலும் உங்களுக்குக் கிடைக்காது. எந்த ஃபாண்ட் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

ம-வை அடிப்பக்கம் அகன்ற கொப்பரையாகவும், ஐகாரத்தின் சுழியைப் புகையாகவும் வரைய உங்கள் கை துடிக்கும். யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஒருமுறை வரைந்து ஆசை தீர்த்துக்கொண்டு எடுத்து வைத்துவிடுங்கள். சால் பாஸ் ஊசியை வரையவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போஸ்டரில் சுடர் வேண்டாம், மலையின் நிழலுருவம் வேண்டாம், பெரியவரின் முகமும் வேண்டாம். 2,668 அடி மலைமேல் பதினோரு நாள் எரிந்த தீபத்தை ஊரே அண்ணாந்து பார்த்துவிட்டது. எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவதைப் பற்றி அல்லவா உங்கள் நண்பர்கள் படம் எடுத்திருக்கிறார்கள்? வெறும் தாள் நிறத்தில் ஒரு பரப்பு, அதில் கன்னங்கரேலென்று ஓர் எழுத்து. அது போதும். நீங்கள் விரும்பினால் எழுத்தின் ஓரத்தில் ஒரு விரல் தொட்ட தடம்.

டைட்டிலுக்கு ஐம்பது விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள். உங்களிடம் பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் இருக்கும். மை மடித்த காகிதப் பொட்டலத்தை ஒரு முதிய கை பிரிப்பதை மிக நெருக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். மடிப்பு மடிப்பாகப் பிரியட்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பெயர். உள்ளே இருக்கும் கறுப்பு தெரியும்போது 'மை'. எழுத்துகள் பறந்து வருவது, சுழல்வது எதுவும் வேண்டாம்.

அச்சைப் பற்றி ஒன்று. ஃப்ளெக்ஸில் கறுப்பை மட்டும் நூறு வைத்து அடித்தால் வெயிலில் சாம்பல் தட்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். சயானும் மெஜந்தாவும் கொஞ்சம் சேர்த்துக் கறுப்பை ஆழப்படுத்துங்கள். முடிந்தால் ஃப்ளெக்ஸை விட்டுவிட்டு நூறு காகிதப் போஸ்டர் அடியுங்கள். மைதா பசை காய்ச்சி ஒன்றைத் தேரடி வீதியில் ஒட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தால் எழுத்து சரியாக வந்திருக்கிறது. திரும்பவில்லை என்றால் இன்னும் பெரிதாக்க வேண்டாம், சுற்றியிருக்கும் வெற்றிடத்தைக் கூட்டுங்கள்.

எழுத்தை யார் எழுதுவது? அப்பாதான். வீட்டில் விளக்கேற்றி மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துக் கரி பிடியுங்கள். கண்மைக்குச் செய்வதுபோல எண்ணெயில் குழைக்காதீர்கள், தாளில் ஊறிப் பரவிவிடும். கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து அதில் குழையுங்கள். அரை அங்குலப் பட்டைத் தூரிகையும் இருபது தாளும் அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்; பக்கத்தில் நின்றால் பேனர்க் காலத்துக் கை வராது. முதல் ஐந்தாறு தாளில் கை நடுங்கும். அவற்றையும் தூக்கிப் போடாதீர்கள், நீங்கள் தேடுகிற எழுத்து அவற்றில் ஒன்றாகக்கூட இருக்கலாம். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். பிசிறு தட்டிய ஓரங்களைக் கணினியில் வழவழப்பாக்கிவிடாதீர்கள்.

டைட்டிலில் 'எழுத்து' என்று போட்டு அவர் பெயரை எழுதுங்கள். லாக் செய்வதற்கு முன் எல்லாப் பெயர்களிலும் புள்ளிகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.